அயல்நாட்டைப் பற்றிய ஆவேசப் பேச்சுக்கு அறத்தின் எல்லை எது?

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:
அண்மையில் கோலாலம்பூரில் ஒரு பொதுக்கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். இந்தோனேசியாவுடனான கடல் எல்லைப் பிரச்சினையைப் பற்றிப் பேசத் தொடங்கியவர், ஐந்தே நிமிடத்தில் அந்நாட்டு மக்கள் அனைவரையும் நன்றி கெட்டவர்கள் என்று ஏசிக் கைதட்டல் வாங்கினார். மண்டபத்தின் பின்புறம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த இருவர் அந்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். பேச்சு மலாயில் நடந்ததால் ஒரு சொல் விடாமல் அவர்களுக்குப் புரிந்திருக்கும். 1948ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம் இனங்களுக்கிடையே பகை மூட்டுவதைப் பற்றிச் சொல்லும்போது மலேசிய மக்களை மட்டுமே குறிப்பிடுகிறது. சட்டத்தின் வாசகத்துக்குள் வராததால் இத்தகைய பேச்சு குற்றமற்றதாகிவிடுமா?

ஜார்ஜ்டவுன் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
ஆகாது, ஐயா. 1963இல் மலேசியா உருவானபோது இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ ‘கன்யாங் மலேசியா’, அதாவது மலேசியாவை நசுக்கு, என்று முழங்கினார். பிரிட்டனின் சூழ்ச்சியால் அமைந்த நாடு என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தை எத்தனை பேர் நினைவில் வைத்திருந்தார்களோ தெரியாது, முழக்கம் மட்டும் எல்லார் வாயிலும் நின்றது. செப்டம்பரில் ஒரே வாரத்தில் கோலாலம்பூரில் இந்தோனேசியத் தூதரகத்திற்குள் கூட்டம் புகுந்து சுகர்ணோவின் படங்களைக் கிழித்தது, ஜகார்த்தாவில் பிரிட்டிஷ் தூதரகம் எரிந்தது. (நம் பக்கத்துக் கூட்டமும் சாதுவாக இருக்கவில்லை என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.) 1966 ஆகஸ்டு 11இல் நம் துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக்கும் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் ஆடம் மாலிக்கும் கையெழுத்திட்டு இரு நாடுகளின் மோதலை முடித்தார்கள். ஆனால் 2005இல் இரு நாடுகளும் உரிமை கோரும் அம்பலாட் கடற்பகுதியைப் பற்றிய தகராறு எழுந்தபோது, முழங்கியவர் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியும், அதே முழக்கம் இந்தோனேசிய வீதிகளில் மீண்டும் கேட்டது.

செந்தூல் வாசகி:
ஆசிரியர் ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனாலும் அந்த அச்சத்தில் அயல்நாட்டு அரசின் செயலைக் கண்டிக்கவே கூடாது என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். 2019 செப்டம்பரில் ஐ.நா. பொதுப் பேரவையில், காஷ்மீர் படையெடுத்து ஆக்கிரமிக்கப்பட்டது என்று நம் அப்போதைய பிரதமர் மகாதீர் சொன்னார். அக்கருத்து சரியா தவறா என்பதில் நம் வீடுகளிலேயே வாக்குவாதம் நடந்தது. இருப்பினும் அவர் ஓர் அரசின் செயலைச் சொன்னாரே ஒழிய, இந்தியர்களை இழித்துப் பேசவில்லை. செயலைக் குறிப்பிட்டால் மறுத்துப் பதில் சொல்ல வழியுண்டு. ‘நன்றி கெட்டவர்கள்’ என்பதற்கு என்ன ஆதாரம் காட்டி மறுப்பது?

ஜார்ஜ்டவுன் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன், அம்மா. ஆனால் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் எண்ணுங்கள். 2020 ஜனவரியில் இந்தியா சுத்திகரிக்கப்பட்ட செம்பனை எண்ணெய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. பதிலடி கொடுக்க நாம் மிகச் சிறிய நாடு என்று மகாதீரே சொன்னார். கெடாவில் நாலு ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் என் மைத்துனரிடம் அந்தப் பேச்சுக்கு முன்னால் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

செந்தூல் வாசகி:
உண்மைதான், ஐயா. அப்படியும் அவர் பேசியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன், உங்கள் மைத்துனரிடம் நேரில் அதைச் சொல்லத் துணிவேனா என்பது வேறு கேள்வி.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:
இருவருக்கும் நன்றி. நாற்காலி அடுக்கியவர்களில் மூத்தவரை நேற்று அதே மண்டபத்தில் பார்த்தேன். அந்தப் பேச்சுக்காக வருத்தம் தெரிவித்தேன். அவர் சிரித்துவிட்டு, தம் ஊரிலும் தேர்தல் வந்தால் மலேசியர்களைப் பற்றி இப்படித்தான் பேசுவார்கள் என்றும், அங்கே தாமும் கைதட்டியிருப்பதாகவும் சொன்னார்.