ஒற்றைக் கோலும் உறைந்த ஏரியும்: பனிக்கால ஸ்கீ பந்தய அனுபவங்கள்

ஹௌட்டன்_மாணவன்

2023 பிப்ரவரி. எம்.எஸ். முதல் வருடம். ஒரு பழைய வேனில் நான்கு பேர் மிச்சிகனின் ஹௌட்டனிலிருந்து விஸ்கான்சினில் இருக்கும் ஹேவர்டுக்குக் கிளம்பினோம். ஹௌட்டன் வருடத்துக்கு 30 அடி பனி விழும் ஊர் என்று படிக்கச் சேரும் முன்பே எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள், அதனால் குளிரைவிட வீட்டுக்குள் அடைந்து கிடக்கத்தான் பயந்தேன். நல்லவேளை, வளாகத்தை ஒட்டியே காட்டுக்குள் ஸ்கீ தடங்கள் உண்டு, இரவில் விளக்கும் எரியும். லேப் முடிந்ததும் போய் விழுந்து எழுந்து பழகினேன். பிர்க்கி, அதாவது ஹேவர்டில் முடியும் அமெரிக்கன் பிர்க்கபெய்னர் ஸ்கீ பந்தயம் பற்றி இங்கே பலருக்கும் தெரியும். முழு 50 கிலோமீட்டருக்குத் தெம்பு இல்லை என்று அதோடு வெள்ளிக்கிழமை நடக்கும் சின்னப் பந்தயமான கோர்டலோபெட்டில் பெயர் கொடுத்தேன். 29 கிலோமீட்டர், கிளாசிக், அதாவது இரண்டு ஸ்கீயையும் நேராக வைத்துக் காலை மாற்றி மாற்றி உந்திப் போகும் பழைய முறை.

முதல் 20 கிலோமீட்டரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏற்றம், இறக்கம், மூச்சு வாங்கல். ஏரிக்குச் சில கிலோமீட்டர் முன்னால் ஓர் இறக்கத்தில் எனக்குப் பின்னால் வந்தவர் நிலைதடுமாறி என்மேல் விழுந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் அடி இல்லை. பனியில் ஊன்றித் தள்ளும் என் இடது கைக் கோல் மட்டும் நடுவில் முறிந்துவிட்டது. ஓரமாக ஒதுங்கி முறிந்த துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது ஓர் அம்மா வந்து நின்றார். அறுபதைத் தாண்டியிருக்கும். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார், உயரத்தை அளந்தார் என்று பிறகுதான் புரிந்தது. தன் வலது கைப் பட்டையைக் கழற்றிக் கோலை என்னிடம் நீட்டினார். 'போ, போ' என்று மட்டும் சொன்னார். வாங்கினேன், நன்றி சொன்னேன், போய்விட்டேன். வலது கைக்கான பட்டையை இடது கையில் மாட்டியதால் கட்டைவிரல் இடுக்கில் உரசிக்கொண்டே வந்தது. அந்த எரிச்சலால்தான் அவரை நினைத்துக்கொண்டே வந்தேன் என்று சொல்லலாம்.

ஹேவர்ட் ஏரிமேல் இறங்கியதும்தான் விஷயம் உறைத்தது. ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தட்டையான பனிக்கட்டி, முகத்துக்கு நேரே காற்று. அங்கே எல்லோரும் செய்வது ஒன்றே ஒன்றுதான், இரண்டு கோலையும் சேர்த்து ஊன்றி உடம்பால் தள்ளுவது. நானும் அப்படித்தான் தள்ளினேன், பாதி அவருடைய கோலால். பின்னால் எங்கேயோ அவர் ஒற்றைக் கோலோடு அதே ஏரியில் வந்துகொண்டிருக்கிறார்.

பாலம் ஏறி, லாரியில் கொட்டிய பனி பரப்பிய மெயின் ஸ்ட்ரீட்டில் மணிச் சத்தத்துக்கு நடுவே முடித்தேன். முடித்த இடத்திலேயே ஒரு மணி நேரம் நின்றேன். அவர் மார்பில் இருந்த எண்ணை நான் பார்க்கவே இல்லை. தலையில் நீலத் தொப்பி என்பது மட்டும் நினைவு. நீலத் தொப்பிகள் நூறு வந்தன. கோல் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.


வடகரை_சீனியர்

தம்பி, கதை மனதைத் தொட்டது. ஆனால் 30 அடி என்பதைத் திருத்தியே ஆக வேண்டும், ஒவ்வொரு வருடமும் புதுப் பசங்களை இதைச் சொல்லியே கலங்கடிக்கிறார்கள். ஹௌட்டனுக்கு வடக்கே கீவினாவில் நெடுஞ்சாலை 41 ஓரம் ஒரு பெரிய பனி அளவுகோல் நிற்கிறதே, அதில் இருக்கும் 390.4 அங்குலம் 1978-79 குளிர்காலத்தின் சாதனை. அதுதான் முப்பத்திரண்டு அடிச் சொச்சம். ஹௌட்டனில் சாதாரண வருடத்துக்கு 200 அங்குலத்தை ஒட்டி வரும். அதுவே போதும் போதும் என்று ஆகிவிடும், கூட்டிச் சொல்லத் தேவையே இல்லை. சுப்பீரியர் ஏரியின் மேல் குளிர்காற்று கடந்து வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நம் தலையில் கொட்டுகிறது. அதனால்தான் வானிலை அறிக்கையில் புயல் எதுவும் இல்லாத நாளில்கூட காலையில் கார் காணாமல் போயிருக்கும்.

என் அனுபவம் ஸ்கீ பற்றியது இல்லை. எங்கள் பல்கலைக்கழக வின்டர் கார்னிவலின் புதன் இரவு. விடிய விடியப் பனிச் சிலை கட்டும் போட்டி. 1922 முதல் நடக்கும் திருவிழா. எங்கள் குழுவில் சிலையின் கைவிரல்கள் என் பொறுப்பு. பனியும் தண்ணீரும் கலந்து குழைத்து, கூழ் மாதிரி அப்பி, உறையும்வரை கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு ஐந்தாவது விரல் உடைந்து விழுந்தது. பக்கத்துக் குழுவில் இருந்த ஒரு பையன், பெயர்கூடத் தெரியாது, தன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் என்னோடு சேர்ந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டு நின்றான். போட்டியில் எங்களுக்கு எதிர்க் குழு அவன். இருபது நிமிடம் இருக்கும். அவன் மூச்சு விட்ட ஆவி என் கையுறையில் வெள்ளையாகப் படிந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.


ஔலு_அண்ணன்

நான் ஃபின்லாந்தில், ஔலுவில் படித்தேன். மைனஸ் 22-இல் தெரியாமல் வெளியே பயிற்சிக்குப் போய், இமை ரோமங்கள் ஒட்டிக்கொண்டு ஒரு கண்ணைத் திறக்க முடியாமல், அந்த வழியாக வந்த ஒரு பாட்டியம்மாவின் உள்ளங்கைச் சூட்டில் கண் திறந்தவன். அவ்வளவுதான் என் கதை.

இப்போது சொல்ல வந்தது வேறு. தம்பி வீணாகக் குற்ற உணர்வில் இருக்கிறார். கிளாசிக்கில் ஒரு கோல் இல்லையென்றால் ஆள் நின்றுபோவதில்லை. உந்துவது பெரும்பாலும் கால். ஸ்கீயின் நடுப்பகுதியில் பூசிய பிடிமெழுகு பனியைக் கவ்வும், அதை மிதித்து முன்னால் வழுக்குகிறோம். சின்னக் குழந்தைகளுக்கு எங்கள் ஊரில் கோலே இல்லாமல்தான் கற்றுக்கொடுப்பார்கள். அந்த அம்மா அறுபது வயதில் அந்தப் பந்தயத்துக்கு வந்தவர் என்றால் நம்மைவிட நன்றாகவே சமாளித்திருப்பார்.

இதைப் படிக்கும் புது மாணவர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். பருத்தி உள்ளாடை போடவே போடாதீர்கள். வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், நின்ற நிமிடமே உடம்பு உறையும். கம்பளி அல்லது செயற்கை இழை. அப்புறம் மெழுகு. பனியின் வெப்பநிலைக்குத் தக்க மெழுகு. கடுங்குளிரில் பச்சை, அதைவிடக் குறைந்த குளிரில் நீலம், உருகி மறுபடி உறைந்த பனியில் கிளிஸ்டர் என்ற பசை. கிளிஸ்டர் கையில் பட்டால் பலாப்பால் மாதிரி, போகாது. மெழுகை மெல்லிசாகப் பல தடவை பூச வேண்டும், ஒரே தடவையில் அப்பக்கூடாது. ஃப்ளூரின் கலந்த வழுக்கு மெழுகைப் பழைய டப்பாவில் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். 2023-24 பருவத்திலிருந்து உலகக் கோப்பைப் பந்தயங்களிலேயே தடை, உடம்புக்கும் மண்ணுக்கும் கேடு. இந்த மெழுகு வேலையெல்லாம் வேண்டாம் என்றால் அடியில் ரோமப் பட்டை ஒட்டிய ஸ்கீ கிடைக்கிறது, முதல் வருடத்துக்கு அதுவே போதும்.

கன்னத்திலோ மூக்கிலோ வெள்ளைத் திட்டு தெரிந்தால் தேய்க்காதீர்கள், பனியால் தேய்ப்பது அதைவிட மோசம். உள்ளங்கையை வைத்து மூடுங்கள். நமக்கு நம் முகம் தெரியாது, அதனால் கூட வருபவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சர்வதேசப் பந்தயங்களையே மைனஸ் 20-க்குக் கீழே போனால் நடத்துவதில்லை. பயிற்சிக்கு நாம் அதைவிட வீரம் காட்ட வேண்டியதில்லை.


ஹௌட்டன்_மாணவன்

அண்ணா, குழந்தைகள் கோல் இல்லாமல் பழகுவது சரி. ஆனால் 25 கிலோமீட்டருக்கு மேல் வந்த பிறகு பிடிமெழுகு எங்கே இருக்கும்? எனக்குச் சுத்தமாகத் தேய்ந்துபோயிருந்தது, கால் பின்னால் பின்னால் வழுக்கியது. அதனால்தான் எல்லோரும் கோலை நம்பி இருந்தோம். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். எதிர்க்காற்று வேறு. நீங்கள் ஆறுதலாகச் சொல்கிறீர்கள் என்று தெரியும், ஆனால் அந்த ஏரிமேல் நின்றுபார்த்தவன் நான்.


மினியாபொலிஸ்_அகிலம்

நான் வந்த வருடம் பனியே இல்லை. 2023-24. மின்னசோட்டா குளிர்காலம் என்று மூன்று ஸ்வெட்டர் வாங்கி வைத்திருந்தேன், ஜனவரியில் புல் பழுப்பாகத் தெரிந்தது. அந்த வருடம் பிர்க்கிகூட இயந்திரம் செய்த பனியில் 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் நடந்தது, ஹேவர்ட் வரைக்கும் யாரும் போகவில்லை. 2017-இல் பந்தயத்தையே ரத்து செய்தார்களாம், நல்லவேளை அந்த அளவுக்குப் போகவில்லை.

ஆனால் பிப்ரவரி 17, 18 இரண்டு நாளும் எங்கள் ஊரில் தியோடர் வர்த் பூங்காவில் ஸ்கீ உலகக் கோப்பைப் பந்தயம். பந்தயத்துக்குச் சில நாள் முன்புதான் வானத்திலிருந்து கொஞ்சம் பனி விழுந்தது. எனக்கு ஸ்கீ பற்றி ஒன்றும் தெரியாது. ஜெஸ்ஸி டிக்கின்ஸ் இந்த மாநிலத்துப் பெண், 2018 ஒலிம்பிக்கில் கிக்கன் ரேண்டலோடு சேர்ந்து தங்கம் வாங்கியவர், அவரைப் பார்க்க வேண்டும் என்று என் ரூம்மேட் இழுத்துக்கொண்டு போனாள். ஏற்றத்தின் ஓரம் நின்றோம். அவ்வளவு கூட்டம், மூச்சு முட்டியது. ஒவ்வொருவராக இடைவெளி விட்டுப் புறப்படும் பந்தயம், அதனால் முன்னால் போகிறவர்தான் ஜெயிக்கிறார் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஓர் ஆள் எங்கள் முன்னால் ஏறினான். கையெட்டும் தூரம். அவன் மூச்சு சத்தமாகக் கேட்டது, வாயோரம் எச்சில் உறைந்து கோடாக நின்றது. கண் எங்கேயோ இருந்தது. நம்மைப் போல ஒரு பையன்தானே, இவ்வளவு கஷ்டப்படுகிறானே என்று தோன்றியது. பக்கத்தில் இருந்தவர்கள் 'கஸ், கஸ்' என்று கத்தினார்கள்.

எனக்கு மறுநாள் சமர்ப்பிக்க வேண்டிய அறிக்கை இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். பூங்கா வாசலைத் தாண்டும்போது பின்னால் ஓர் ஆரவாரம் எழுந்தது, தரை அதிர்ந்த மாதிரி. பஸ்ஸில் கைப்பேசியில் பார்த்தால், கஸ் ஷூமாக்கர் ஜெயித்துவிட்டார். தனிநபர் தொலைதூரப் பந்தயத்தில் ஓர் அமெரிக்க ஆண் உலகக் கோப்பை வென்றது 1983-இல் பில் கோக்குக்குப் பிறகு அப்போதுதான். என் முன்னால் எச்சில் உறைந்து போனவர் அவர்தான். அந்த அறிக்கைக்கு நான் வாங்கிய மதிப்பெண்கூட இப்போது நினைவில் இல்லை. ஏன் கிளம்பினேன் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.


ஒஸ்லோக்_கடிதம்

நான் நோர்வேயில் வளர்ந்த ஈழத்துப் பிள்ளை. அப்பா நோர்வேயின் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் ஆலையில் வேலை செய்தவர், பிறகு ஒஸ்லோ வந்தோம். பள்ளிக்கூடத்தில் ஸ்கீ நாள் வரும், அதனால் எனக்கு ஸ்கீ புதிதில்லை. ஆனால் பிர்க்கபெய்னர் வேற. ரேனாவிலிருந்து லில்லஹம்மர் வரை 54 கிலோமீட்டர், அதுவும் முதுகில் 3.5 கிலோ பையோடு. 1206-இல் குட்டி இளவரசன் ஹாகோனை இரண்டு வீரர்கள் மலை கடந்து தூக்கிப்போனதன் நினைவு அது. அவர்கள் போனது லில்லஹம்மர் பக்கமிருந்து, நாங்கள் போவது எதிர்த் திசை. அமெரிக்காவில் நீங்கள் ஓடுவதற்கும் மூலம் இதுதான்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் நான் பதிந்தேன். அப்பா விடியவே காரில் ரேனா கொண்டுபோய் விட்டார். வழியில் தின்றதும் குடித்ததும் கணக்கில் வராது, முடிவில் பை நிறை குறையாமல் இருக்க வேண்டும். நான் சரியாக நிறுத்துத்தான் கட்டினேன். ஓடத் தொடங்கினால் பை சரியான பாரம். மலை ஏறுகிறபோது தோள்ப்பட்டை அறுந்துபோகும் போல இருந்தது. பயிற்சி காணாது என்று நினைத்து அழுதுகொண்டே ஏறினேன்.

முடிவில் ஒருவர் என் பையை வாங்கித் தராசில் மாட்டினார். முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், 'உன்னுடைய இளவரசன் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறான்' என்று சொல்லிச் சிரித்தார். நாலரைக் கிலோ. திறந்து பார்த்தால் அடியில் ஒரு கிலோ அரிசிப் பொதி. நிறை குறைந்து பிள்ளையை வெளியே தள்ளிவிடுவார்களோ என்ற பயத்தில் அப்பா எனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறார்.

அங்கேயே, அத்தனை சனத்துக்கு முன்னால், முடிவில் காத்து நின்ற அப்பாவைக் கத்திப் பேசினேன். அவர் ஒன்றும் கதைக்கவில்லை. அரிசிப் பொதியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காரடிக்கு நடந்து போனார். பனியில் பழகிய நடை, மெதுவாக, பாதம் முழுக்க ஊன்றி. அந்த முதுகுதான் எனக்கு மறக்குதில்லை. அடுத்த கிழமை அம்மா அந்த அரிசியைத்தான் சமைத்தா, அப்பா ஒன்றும் நடக்காத மாதிரிச் சாப்பிட்டார்.


வடகரை_சீனியர்

ஹௌட்டன் தம்பிக்கு ஒரு யோசனை. முடித்த இடத்தில் தொலைந்த பொருள் மேசையில் கேட்டிருந்தால் அந்த அம்மா வந்து கேட்டாரா என்று தெரிந்திருக்குமே? முறிந்த கோலுக்குப் பதில் கோல் கொடுத்துவிட்டு, பிறகு அங்கே வந்து வாங்கிக்கொள்வது வழக்கம்தான். சனிக்கிழமைப் பெரிய பந்தயத்தையும் பார்க்க நின்றிருந்தால் மறுபடி கண்ணில் பட்டிருப்பார். இருபது முறை முடித்தவர்களுக்கென்றே அங்கே ஒரு சங்கம் இருக்கிறது, அந்த வயதுக்காரர்கள் பலர் அதில் இருப்பார்கள். ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்கள்.


ஹௌட்டன்_மாணவன்

கேட்டேன் அண்ணா. வெள்ளி மாலை கேட்டேன். என் கோலைப் போல நாற்பது, ஐம்பது கோல்கள் சாய்த்து வைத்திருந்தார்கள். 'வைத்துவிட்டுப் போ, யாராவது வந்து கேட்டால் கொடுக்கிறோம்' என்றார்கள். வைக்க மனம் வரவில்லை. அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. இப்போது யோசித்தால் அதுதான் தப்பு. அன்று சாயங்காலம் அவர் அந்த மேசைக்கு வந்திருக்கலாம், கோல் அங்கே இல்லாமல் திரும்பியிருக்கலாம். வேன் சனிக்கிழமை காலையே திரும்பிவிட்டது. ஹௌட்டன் பக்கம் வந்ததும் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் போய்விடும், அதனால் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றார்கள், நானும் சரி என்றுவிட்டேன்.

இன்னொன்று, நேற்று அலமாரியைத் திறந்தபோதுதான் கவனித்தேன். கோலின் அடியில், வட்டத் தட்டுக்கு மேலே, சிவப்பு நாடா மூன்று சுற்று சுற்றியிருக்கிறது. பழைய நாடா, ஓரம் கறுத்திருக்கிறது. கூட்டத்தில் தன் கோலை அடையாளம் கண்டுகொள்ளத்தான் சுற்றியிருப்பார். வருகிற பிப்ரவரிக்கும் பதிந்திருக்கிறேன். நாடாவை அவிழ்க்காமல் அப்படியே கொண்டுபோகிறேன்.