எண்ணூர் பக்கம் கடலில் குளிக்க இடம் இருக்கிறதா?

தண்டையார்பேட்டைவாசி:
மே லீவுக்குக் கோவையிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது. பசங்களுக்கு நீச்சல் குளத்தில் நன்றாக நீந்த வரும், அதனாலேயே கடலில் இறங்கியே தீருவோம் என்று அடம். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் எங்கேயாவது இறங்கலாமா? எனக்கே கடல் என்றால் கால் நனைப்பதோடு சரி.

குப்பத்துக்காரன்:
அந்த ரோட்டில் பல இடத்தில் மணலே கிடையாதுங்க, அரிப்புக்காகக் கொட்டிய பாறாங்கல்தான். தூண்டில் வளைவுகளுக்கு (கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் கல் சுவர்கள்) நடுவே கொஞ்சம் மணல் சேர்ந்து குளம் மாதிரி தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும்போது கல்லை ஒட்டித்தான் உள்ளே இழுக்கும். சுற்றிலும் அலை உடைந்து வெள்ளையாக நுரைக்கும்போது ஓர் இடத்தில் மட்டும் உடையாமல், தண்ணீர் கலங்கி, நுரை கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தால் அதுதான் இழுப்பு. அமைதியாக இருக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் சரியாக அங்கேதான் இறங்குவார்கள். மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது, கை ஓய்ந்துவிடும். மிதந்துகொண்டே கையை ஆட்டிக் கூப்பிட வேண்டும். தெம்பு இருந்தால் கல்லை விட்டு விலகி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து அலையோடு திரும்பலாம். குளத்து நீச்சல் இதற்கெல்லாம் உதவாது.

எர்ணாவூர் அக்கா:
கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரம் பக்கம் போகவே வேண்டாம். இழுப்பு ஒரு பக்கம், ஆலைத் தண்ணீர் ஒரு பக்கம். 2023 டிசம்பரில் அங்கே எண்ணெய் மிதந்தது மறந்துபோச்சா?

எங்கே போனாலும் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள், மே மாத வெயிலில் மணலில் கால் வைக்க முடியாது. பெண்கள் புடவை, துப்பட்டாவோடு இறங்காதீர்கள், நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். முழுக்கை டீஷர்ட் போட்டால் முதுகு எரியாது. சொறி (ஜெல்லி மீன்) பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், மணல் போடாதீர்கள், குடிதண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீரிலேயே கழுவி, ஒட்டியிருப்பதைச் சாமணத்தால் மெல்ல எடுத்துவிட்டு, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் வையுங்கள். மூச்சு வாங்கினால் உடனே 108.

தண்டையார்பேட்டைவாசி:
அப்போ எங்கேதான் கூட்டிப் போவது?

குப்பத்துக்காரன்:
தூரம்தான், ஆனால் சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளம் போங்க. 2021இல் நீலக்கொடி (சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தரும் சர்வதேசச் சான்று) கிடைத்த கடற்கரை. அங்கேயும் முதலில் காவலரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், பசங்களுக்கு இடுப்பளவுதான் எல்லை. யாராவது இழுபட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள், அப்படிக் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவதுதான் வழக்கம். மூடிய காலி கேனையோ கயிறையோ வீசிவிட்டு, பக்கத்தில் இருக்கும் மீனவர்களைக் கூப்பிடுங்கள். கடலோரக் காவல்படை எண் 1554, போனில் போட்டு வையுங்கள்.

தண்டையார்பேட்டைவாசி:
சரி அண்ணா, கோவளமே. பசங்களிடம் இடுப்பளவு என்று சொல்லும் வேலையை அக்காவிடம் விட்டுவிடுகிறேன்.