உங்கள் ஏபிஐக்கு (மற்ற புரோகிராம்கள் நம் சர்வரிடம் பேசும் வழி) எந்த ஆதென்டிகேஷன் (கேட்பவர் யார் என்று சரிபார்க்கும் முறை) வைத்தீர்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்யும் சின்ன கம்பெனியில் பேக்எண்ட் பார்க்கிறேன். நான் சேரும்போதே அங்கே எல்லாவற்றுக்கும் ஜேடபிள்யூடி டோக்கன்தான் (லாகின் செய்தவர் யார் என்று எழுதி சர்வர் கையெழுத்திட்டுத் தரும் சரம்), ஆயுள் 24 மணி நேரம். கையெழுத்தைச் சரிபார்த்தால் போதும், ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் டேட்டாபேஸைத் தொட வேண்டாம் என்று அதை எடுத்திருந்தார்கள்.

ஒருநாள் காலையில் ஒரு கடைக்காரர் போன் செய்தார். "நேத்து வேலையை விட்டு நிறுத்தின பையன் ராத்திரி உள்ளே போய் ரிப்போர்ட் எடுத்திருக்கான். அவன் அக்கவுண்ட்டை நான் முடக்கிட்டேனே சார்?" முடக்கியிருந்தார்தான். ஆனால் டேட்டாபேஸை யார் கேட்டது? கையெழுத்து சரி, நேரமும் முடியவில்லை, சர்வர் விட்டுவிட்டது.

அப்புறம் அந்த டோக்கனின் (ஆக்சஸ் டோக்கன்) ஆயுளைப் பத்து நிமிடத்துக்குக் குறைத்து, அது முடிந்ததும் புதியது வாங்க உதவும் ரிஃப்ரெஷ் டோக்கனை டேட்டாபேஸில் வைத்தோம். அக்கவுண்ட்டை முடக்கினால் அதுவும் செத்துவிடும். "அந்தப் பத்து நிமிஷத்துல எடுத்தா?" என்று கேட்டார் முதலாளி. நியாயமான கேள்வி. அதனால் ரிப்போர்ட் பக்கங்களுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸைப் பார்க்கிறோம். அப்படிப் பார்ப்பதென்றால் ஜேடபிள்யூடி எதற்கு? நம்முடைய வெப்சைட், நம்முடைய சர்வர் என்றால் பழைய செஷன் குக்கியே (பிரவுசரில் ஒரு அடையாள எண் மட்டும், விவரம் சர்வரில்) போதும் என்பேன். பேஷன் இல்லைதான்.

இன்னொன்று. லாக் ஃபைலில் இ, ஒய், ஜே என்று தொடங்கும் நீளமான சரம் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஜேடபிள்யூடிதான். அது பேஸ்64 என்ற எழுத்துமாற்றம்தான், பூட்டு இல்லை; பிரித்தால் உள்ளே இருப்பதை யாரும் படிக்கலாம். எங்களுடையதில் வாடிக்கையாளரின் போன் நம்பரே இருந்தது!

பதில்

அண்ணா, நீங்கள் சொல்வது மனிதர்கள் லாகின் செய்யும் இடத்துக்குப் பொருந்தும். எங்களுடையது ராத்திரி தானாக ஓடும் ஜாப், மறுமுனையில் ஒரு வங்கி. இரண்டு பக்கமும் சர்டிபிகேட் (டிஜிட்டல் அடையாளச் சான்று) காட்டும் எம்டிஎல்எஸ். ஓடும்வரை பிரச்சினையே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றுவிட்டது. லாக்கில் "ஹேண்ட்ஷேக் ஃபெயிலியர்" என்று, இணைப்பின் ஆரம்பமே தோற்றதாக மட்டும் சொல்லும் ஒரே வரி. அவர்கள் எங்கள் ஃபயர்வாலைச் சொல்ல, நாங்கள் அவர்கள் நெட்வொர்க்கைச் சொல்ல, மதியம் வரை இழுத்தது. கடைசியில் பார்த்தால் சர்டிபிகேட் காலாவதி. நினைவூட்டல் மெயில் எல்லாம் எப்போதோ வேலையை விட்டுப் போனவருடைய பெட்டிக்குப் போயிருக்கிறது.

பொது சிஏக்கள் (சர்டிபிகேட் வழங்கும் நிறுவனங்கள்) தரும் டிஎல்எஸ் சர்டிபிகேட்டுகளின் அதிகபட்ச ஆயுள் 2020 செப்டம்பர் முதல் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச் முதல் 200, 2029 மார்ச் முதல் 47 என்று படிப்படியாகக் குறைப்பதுதான் 2025இல் எடுத்த முடிவு. கையால் புதுப்பிக்கும் பழக்கம் இனி ஆகாது. எம்டிஎல்எஸ் வேண்டுமென்றால் சொந்த சிஏ வைத்து, புதுப்பிப்பதையும் தானியங்கியாக்கிவிடுங்கள்.

பதில்

எங்களுக்கு வெப்ஹூக், அதாவது ஏதாவது நடந்ததும் அடுத்தவர் சர்வர் நமக்குத் தானாக அனுப்பும் செய்தி. பேமெண்ட் கேட்வே அனுப்பும் ஜேசானோடு (டேட்டாவை எழுதும் ஒரு டெக்ஸ்ட் வடிவம்) எச்மேக் கையெழுத்து ஒன்று ஹெடரில் வரும், ரகசியச் சாவியை வைத்து நாமும் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். டெஸ்டிங்கில் எல்லாம் பாஸ். லைவில் சில பேமெண்ட் மட்டும் ஃபெயில், காரணம் பிடிபடவே இல்லை. அடிபட்டவை எல்லாம் பெயரைத் தமிழில் போட்டிருந்தவர்களுடையவை! வந்த ஜேசானை எங்கள் கோட் ஒருமுறை பார்ஸ் செய்து (பிரித்துப் படித்து), திரும்ப ஜேசானாக எழுதி, அதற்குக் கையெழுத்துக் கணக்கிட்டிருக்கிறது. திரும்ப எழுதும்போது தமிழ் எழுத்துகள் யூனிகோட் எண்களாக மாறிவிட்டன. பைட் மாறினால் கையெழுத்தும் மாறும்.

இப்போது நெட்டிலிருந்து வந்த பைட்டுகளை அப்படியே எடுத்துச் சரிபார்த்துவிட்டு, அப்புறம்தான் பார்ஸ் செய்கிறோம்.

பதில்

சரி, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கையெழுத்தை ஒப்பிடுவதற்குச் சாதாரண சமக்குறி வேண்டாம், நேரத்தை அளந்து யாரும் ஊகிக்க முடியாதபடி, எந்த எழுத்தில் வேறுபட்டாலும் ஒரே நேரம் எடுக்கும் ஃபங்ஷன் பெரும்பாலான லாங்குவேஜில் உண்டு. டைம்ஸ்டாம்பையும் கையெழுத்துக்குள் கொண்டுவாருங்கள், பழைய மெசேஜை யாராவது திரும்ப அனுப்பினால் தள்ளிவிடலாம். அதற்கு முன்னால் சர்வர் கடிகாரம் என்டிபியில் (நெட் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் முறை) ஓடுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.