ரீபில்ட் பண்ணின 25 எச்பி அவுட்போர்டு: டிரம்ல அருமையா ஓடுது, கடல்ல இழுக்க மாட்டேங்குது

மாஹிம்_வள்ளம்:
எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு தூத்துக்குடி பக்கம், பதினஞ்சு வருஷமா மும்பை தாராவியில இருக்கேன். மாஹிம்ல ஒரு கோலி (இங்கத்த மீனவர் சமூகம்) நண்பரோட பங்கு போட்டு 22 அடி ஃபைபர் வள்ளம் ஒண்ணு வச்சிருக்கோம். எஞ்சின் வள்ளத்தோட பின்பக்கம் வெளிய மாட்டுற அவுட்போர்டு, 25 எச்பி, ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஒரே கார்பரேட்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற டைப். மே மாசக் கடைசியில தண்ணி பம்ப் இம்பெல்லர் போய் சூடாகி மேல் சிலிண்டர் பிடிச்சுக்கிச்சு. ஜூன் 1ல மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்ச உடனே கழட்டி ஒரு மெக்கானிக்கிட்ட குடுத்தோம், ரெண்டு சிலிண்டரையும் போர் பண்ணி (உள்பக்கம் கடைஞ்சு) ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், கேஸ்கெட் செட், இம்பெல்லர் எல்லாம் புதுசு, கூலியோட சேத்து 32 ஆயிரம் ஆச்சு.

இப்ப பிரச்சனை என்னன்னா தண்ணி நிரப்பின டிரம்ல வச்சு ஓட்டினா ரெண்டாவது இழுப்புலயே ஸ்டார்ட் ஆயிடுது, த்ராட்டில் குடுத்தா நல்லாத்தான் ஏறுது. முகத்துவாரத்துல இறக்கிப் பாத்தா ரெண்டு பேரோட பாதி த்ராட்டில் வரைக்கும் ஓடுது, அதுக்கு மேல திருகினா ம்ம்ம்னு அடைச்ச மாதிரி ஒரு சத்தம், வேகம் ஏற மாட்டேங்குது, நாலு பேரும் வலையும் ஏத்தினா சுத்தமா இழுக்கல. ஸ்லோவுல விட்டா குலுங்குது, சில நேரம் நின்னே போகுது. பக்கவாட்டுல தண்ணி நல்லா பீச்சுது, அதனால சூடு பிரச்சனை இல்லன்னு நெனைக்கிறேன். மெக்கானிக் கார்பரேட்டரை மூணு தடவ கழட்டிக் கழுவிட்டாரு, ஒரு மாத்தமும் இல்ல. ஆகஸ்ட் 1க்குக் கடல் தெறந்துரும், அதுக்குள்ள சரி பண்ணணும். என்ன பாக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க அண்ணே.

சயான்_வொர்க்‌ஷாப்:
தம்பி, டிரம்ல ஓடுறத வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது, அங்க லோடே கிடையாது, ஒரு சிலிண்டர் பாதி செத்திருந்தாக்கூட டிரம்ல ஏறத்தான் செய்யும். இனிமே எதையும் கழட்டாம மொதல்ல சில விஷயம் பாத்துட்டு வந்து சொல்லு.

எஞ்சின் சூடா இருக்கும்போது ரெண்டு பிளக்கையும் கழட்டி, கில் சுவிட்ச் ஆஃப், த்ராட்டில் முழுசாத் தெறந்து வச்சு கம்ப்ரஷன் எடு. நம்பர் எவ்வளவுங்கறத விட ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் பத்து பர்சென்ட்டுக்குள்ள இருக்கான்னு பாரு. ஸ்பார்க் டெஸ்டர் இருந்தா 9, 10 மில்லிமீட்டர் இடைவெளிய நீலமாத் தாண்டுதான்னு பாரு, பிளக்க பிளாக்ல வச்சு சும்மா பொறி வருதுன்னு பாக்குறது பத்தாது. அடுத்தது தண்ணிக்குள்ள லோடுல ஓட்டி, அடைக்கிற அந்த நேரத்துல ஒரு ஆள் பெட்ரோல் லைன்ல இருக்குற ரப்பர் பல்ப (கையால அமுக்கிப் பெட்ரோல் தள்ளுறது) அமுக்கிக்கிட்டே இருக்கட்டும். வேகம் ஏறிச்சுன்னா பெட்ரோல் வரத்து பத்தல, டேங்க் மூடி ஏர் ஸ்க்ரூ, ஹோஸ், கனெக்டர், ஃபியூல் பம்ப் டயாஃப்ரம் இந்த நாலுல ஒண்ணு. அப்படியே முழு த்ராட்டில்ல நிறுத்தி பிளக் ரெண்டையும் கழட்டி கலர் பாரு. எனக்கென்னவோ பெட்ரோல் வரத்து மேலதான் சந்தேகம்.

வாஷி_ரவுண்டானா:
பெட்ரோல் எங்க போடுறீங்க? இப்ப பங்க்ல வர்றதெல்லாம் இ20, இருபது பர்சென்ட் எத்தனால். அது தண்ணிய உறிஞ்சும், கடலோரக் காத்துல டேங்க்ல ரெண்டு மாசம் கிடந்தா அடியில தண்ணியும் எத்தனாலும் தனியாப் பிரிஞ்சு நிக்கும், பழைய ரப்பர் ஹோஸ் உள்பக்கமா ஊறி உரிஞ்சு வரும். ஒரு பாட்டில்ல டேங்க் அடியில இருந்து பிடிச்சு ஒரு ராத்திரி வச்சுப் பாருங்க, கோடு போட்ட மாதிரி பிரிஞ்சு தெரிஞ்சா மொத்தத்தையும் கொட்டிருங்க. அப்புறம் ஆயில், பைக்குக்குப் போடுற 2டி ஆயில் ஊத்தாதீங்க, டிசிடபிள்யூ 3ன்னு போட்டிருக்கும் அதுதான் தண்ணியில குளிர்ற எஞ்சினுக்கு.

மாஹிம்_வள்ளம்:
ரெண்டு பேருக்கும் நன்றி. நேத்து சாயங்காலம் பூரா இதே வேலதான். பெட்ரோல் பாட்டில்ல பிரியல, ஆனாலும் கொட்டிட்டுப் புதுசு போட்டேன், ஆயில் டிசிடபிள்யூ 3தான், புது ரிங்குங்கறதால லிட்டருக்கு 40 மில்லி. கம்ப்ரஷன் மேல 118 பிஎஸ்ஐ, கீழ 115. ஸ்பார்க் ரெண்டுலயும் நீலமாத் தாண்டுது. பல்ப அமுக்கினா கொஞ்சம் ஏறுது அண்ணே, ஆனா முழுசா இல்ல, பத்து செகண்ட்ல மறுபடி அடைக்குது. அதனால ஹோஸ், கனெக்டர், பம்ப் டயாஃப்ரம் மூணும் புதுசு மாத்தினேன், ஒரு வித்தியாசமும் இல்ல.

பிளக்தான் ஆச்சரியமா இருக்கு, மேல் பிளக் நல்ல காப்பிக் கலர், கீழ் பிளக் வெள்ளை வெளேர்னு இருக்கு. பிளக்க மாத்திப் போட்டுப் பாத்தேன், அப்பவும் கீழதான் வெள்ளை. ஸ்லோவுல கீழ் பிளக் ஒயர எடுத்தா சத்தத்துல மாத்தமே இல்ல, மேல எடுத்தா உடனே நிக்குது. காத்தக் குறைக்குற சோக்கப் பாதி இழுத்தா கீழ் சிலிண்டர் சேந்து ஓடுற மாதிரி கேக்குது. கம்ப்ரஷன் நல்லா இருக்கு, ஸ்பார்க் இருக்கு, பெட்ரோல் வருது, அப்புறம் ஏன்?

வெர்சோவா_தம்பி:
எனக்கும் ரீபில்டுக்கு அப்புறம் இப்படித்தான் இழுக்காம இருந்துச்சு, கடைசியில பாத்தா ஃப்ளைவீல கிராங்க்ல நகராமப் பூட்டி வைக்குற சின்னச் சாவி பாதி வெட்டுப்பட்டு டைமிங், அதாவது பொறி வர்ற நேரம், நகந்து போயிருந்துச்சு. நட்ட சரியா டார்க் பண்ணல. அதையும் ஒரு தடவ பாருங்க.

பழைய_எஞ்சின்ரூம்:
தம்பி, மொதல்ல அந்த எஞ்சின லோடுல ஓட்டுறத நிறுத்துங்க. வெள்ளை பிளக்னா காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. டூ ஸ்ட்ரோக்ல ஆயிலும் பெட்ரோலோடதான் வரும், பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையும், இப்படியே இன்னும் நாலு நாள் ஓட்டினா போட்ட புது பிஸ்டன்ல ஓட்டை விழும். 32 ஆயிரம் செலவு பண்ணிட்டு உக்காந்திருக்கீங்க, அதான் இத மொதல்ல சொல்றேன்.

வெர்சோவா தம்பி சொன்ன சாவி நிஜமாவே வர்ற கோளாறுதான், ஆனா டைமிங் நகந்தா ரெண்டு சிலிண்டரும் சேந்து பாதிக்கும். கார்பரேட்டரும் அப்படித்தான். உங்களுக்கு ஒரே கார்பரேட்டர், அதே கலவைதான் மேலயும் கீழயும் போகுது, மேல காப்பிக் கலர் வருதுன்னா கலவை சரியா இருக்கு. கீழ மட்டும் வெள்ளைன்னா கார்பரேட்டரத் தாண்டினதுக்கு அப்புறம் கீழ் சிலிண்டருக்கு மட்டும் எங்கயோ காத்து திருட்டுத்தனமா உள்ள வருது. கார்பரேட்டர முப்பது தடவ கழுவினாலும் இது போகாது.

கம்ப்ரஷன் 115 வருதுன்னு நிம்மதி ஆகாதீங்க. அந்த கேஜ் பிஸ்டனுக்கு மேல நடக்குறத மட்டும்தான் காட்டும். டூ ஸ்ட்ரோக்ல பாதி வேலை பிஸ்டனுக்குக் கீழ நடக்குது. பிஸ்டன் மேல போகும்போது அதுக்கு அடியில கிராங்க் சுத்துற அறையான கிராங்க் கேஸ்ல வெற்றிடம் வந்து ரீட் வால்வுங்கற ஒருவழித் தகடு வழியா கலவைய இழுக்கும், கீழ வரும்போது அதையே அழுத்தி டிரான்ஸ்ஃபர் போர்ட்ங்கற பக்கவாட்டுத் துளை வழியா மேல தள்ளும். கிராங்க் கேஸ் காத்துப் புகாம இருந்தாத்தான் இது நடக்கும், அதனாலதான் சிலிண்டருக்கு ஒண்ணுன்னு தனித்தனி கிராங்க் கேஸ் அறை வச்சிருக்கான். கீழ் அறைக்கு அடியில கிராங்க் வெளிய வர்ற இடத்துல ஒரு ஆயில் சீல் இருக்கு (சிலதுல ரெண்டு அடுக்கி வரும்), அதுக்கு அந்தப் பக்கம் எக்ஸாஸ்ட் புகையும் ஈரமும் சூடும். எனக்கு அதுமேலதான் பலமான சந்தேகம்.

பல்ப அமுக்கினா கொஞ்சம் ஏறுதுன்னு சொன்னீங்களே, அதுக்கும் இதுல பதில் இருக்கு. உங்க ஃபியூல் பம்ப் எதுல வேலை செய்யுது? கிராங்க் கேஸ்ல வர்ற இந்த அழுத்தம் வெற்றிடம் துடிப்புலதான். பம்ப் கீழ் அறையில உக்காந்திருந்தா அறை ஒழுகினா துடிப்பும் பலவீனமாகும், பம்பும் சோம்பும். சயான் அண்ணாச்சி சொன்ன டெஸ்ட் சரியான டெஸ்ட்தான், பம்ப் பலவீனம்னு அது சரியாத்தான் காட்டிச்சு, ஆனா பம்ப் கெடல, பம்புக்கு வேண்டிய துடிப்பு வரல.

இத உறுதி பண்ண பெரிய கருவி வேண்டாம். பம்பக் கழட்டினா அது உக்காந்த இடத்துல சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கும், நேரா கிராங்க் கேஸுக்குள்ள போகும். கீழ் பிஸ்டன உச்சியில நிறுத்துங்க, அப்ப போர்ட் எல்லாம் பிஸ்டனே மூடிக்கும். அந்த ஓட்டையில ஒரு ஹோஸ் பொருத்தி கேஜ் வச்ச சைக்கிள் பம்ப்ல 5, 6 பிஎஸ்ஐ மட்டும் ஏத்துங்க, அதுக்கு மேல வேண்டாம், சீலே வெளிய பிதுங்கிரும். கிராங்க் கேஸ் ரெண்டா சேர்ற கோடு, ரீட் பிளேட் கேஸ்கெட், கீழ் சீல் எல்லா இடத்துலயும் சோப்புத் தண்ணி தடவுங்க. ரீட் வால்வு வழியா லேசாக் கசியும், ரெண்டு அறைக்கும் நடுவுல இருக்குற சீல் வழியா மேல் அறைக்கும் கொஞ்சம் போகும், அதப் பாத்துப் பயப்படாதீங்க. முழுசாப் பிடிச்சு நிக்குதாங்கறது இல்ல கேள்வி, நுரை எங்க பொங்குதுங்கறதுதான். கீழ் சீலப் பாக்க பவர்ஹெட்ட (மேல இருக்குற எஞ்சின் பகுதி) லெக்ல (அதத் தாங்குற கீழ்த்தண்டு) இருந்து தூக்கணும், உப்புத் தண்ணி எஞ்சின் போல்ட்டு, அவசரப்பட்டுத் திருகினா முறிஞ்சிரும், முந்தின ராத்திரியே ஊடுருவுற ஆயில் அடிச்சு வச்சு லேசா சூடு காட்டித் திருகுங்க.

அப்புறம் மெக்கானிக்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. கிராங்க் கேஸப் பிரிச்சீங்களே, சீல் மாத்தினீங்களா?

சயான்_வொர்க்‌ஷாப்:
ஐயா சொல்றது சரி. ஒரே கார்பரேட்டர்ங்கறத நான் கவனிக்காம பெட்ரோல் வரத்துன்னு சொல்லிட்டேன், தம்பிக்கு ஹோஸ் செலவு வச்சிட்டேன். சீல் வாங்கும்போது பழைய சீல் நம்பரப் பாத்து வாங்கு, நாக்தேவி ஸ்ட்ரீட்ல கிடைக்கும், ஆனா பெட்ரோலும் சூடும் தாங்குற ரப்பரான்னு கேட்டு வாங்கு, சும்மா அளவு சேந்தாப் போதும்னு குடுத்துருவான். சீல் உதடு எந்தப் பக்கம் பாத்து வரணுங்கறது மேனுவல் படத்தப் பாத்துத்தான் போடணும், கழட்டுனபடியே திருப்பிப் போடாத, ஏற்கனவே யாராவது தப்பாப் போட்டிருக்கலாம்.

மாஹிம்_வள்ளம்:
ஒரு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், மழை விடவே இல்ல. மெக்கானிக்கிட்டக் கேட்டேன், மேல் சீல் மாத்தினாராம், கீழ் சீல் பாக்க நல்லா இருந்துச்சு, அதனால அதையே போட்டுட்டேன்னாரு. எனக்கு கோவம் வந்துச்சு, ஆனா அவரே வந்து கூட நின்னு பவர்ஹெட்டத் தூக்கிக் குடுத்தாரு, அதச் சொல்லியாகணும். ஒரு போல்ட் முறிஞ்சது, துளை போட்டு எடுத்தோம்.

5 பிஎஸ்ஐ ஏத்தின உடனே கீழ் சீல்ல இருந்து நுரை பொங்கிட்டு வந்துச்சு, நான், பார்ட்னர், மெக்கானிக் மூணு பேரும் ஒண்ணும் பேசாம அதையே பாத்துக்கிட்டு நின்னோம். சீல வெளிய எடுத்துப் பாத்தா உதடு கல்லு மாதிரி இறுகி ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கு, மே மாசம் சூடானப்பவே வெந்திருக்கணும். கிராங்க்ல சீல் உக்கார்ற இடத்துல நகம் வச்சுத் தடவினா ஒரு மெல்லிய கோடு தட்டுப்படுது. புது சீல ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி உக்கார வச்சா உதடு அந்தக் கோட்டுல விழாதுன்னு மெக்கானிக் சொன்னாரு, இடம் இருந்துச்சு, அப்படியே வச்சோம்.

முந்தாநேத்து முகத்துவாரத்துல நாலு பேரோட இறக்கினோம். முக்கால் த்ராட்டில் வரைக்கும்தான் குடுத்தேன், வள்ளம் மூக்கத் தூக்கிட்டுப் போச்சு. ஸ்லோவுல கீழ் ஒயர எடுத்தா இப்ப எஞ்சின் தடுமாறுது, திரும்ப மாட்டினா நிமிருது. பழைய எஞ்சின்ரூம் ஐயா, ஒரு சந்தேகம், புது சீல் போட்டதுனால லிட்டருக்கு 40 மில்லி இன்னும் எத்தன மணி நேரம் ஓட்டணும்?

பழைய_எஞ்சின்ரூம்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. 40 மில்லி சீலுக்காக இல்ல, ரிங்குக்காக. இதுவரைக்கும் ஓடினதக் கணக்குல எடுக்காம மொதல்ல இருந்து பத்து மணி நேரம் ஓட்டுங்க, ஏன்னா கீழ் சிலிண்டருக்கு இவ்வளவு நாளும் ஆயில் ஒழுங்காவே போகல. ஒரே வேகத்துல பிடிச்சு வைக்காம ஏத்தி இறக்கி ஓட்டுங்க, அப்புறம் 20 மில்லிக்கு வாங்க. அஞ்சாவது மணி நேரத்துல கீழ் பிளக்கக் கழட்டிப் பாத்துட்டு என்ன கலர்னு இங்க எழுதுங்க. நாரளி பௌர்ணமிக்கு உங்க பார்ட்னர் வீட்டுல கடலுக்குத் தேங்கா விடும்போது எனக்காகவும் ஒண்ணு விடச் சொல்லுங்க.