நாயோடு தென்காசிக்குக் காரில் போகிறோம்: வழியில் எங்கே திரும்பலாம்?

தாம்பரம் கவி:

வணக்கம். ஜூன் கடைசி வாரம் தாம்பரத்திலிருந்து தென்காசிக்கு, மாமியார் வீட்டுக்குக் காரில் கிளம்புகிறோம். நான், வீட்டுக்காரர், பத்து வயது மகன், அப்புறம் மல்லி. மல்லிக்கு நாலு வயது, லேப்ரடார். திருச்சியில் ராத்திரி தங்க அறை பேசியாகிவிட்டது, நாயை விடுவார்கள்.

நாலுவழிச் சாலையிலேயே ஓடி ஊர் போய்ச் சேர்வதில் எனக்கு விருப்பமில்லை. தோன்றுகிற இடத்தில் திரும்பி எதையாவது பார்த்துவிட்டுப் போக ஆசை. நாயை வைத்துக்கொண்டு தெரியாத ஊருக்குள் நுழையவே கூடாது என்கிறார் வீட்டுக்காரர். ரஞ்சன்குடிக் கோட்டை, சாத்தனூர் கல்மரம், ராஜபாளையம் அய்யனார் அருவி, இந்த மூன்றும் மனதில் இருக்கின்றன. இப்படிப் போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

செவலை அப்பா, பெரம்பலூர்:

தாராளமாகத் திரும்புங்கள் சகோதரி. நான் விதை வியாபாரம் செய்கிறவன். பெரம்பலூர், அரியலூர், லால்குடி என்று சுற்றும்போதெல்லாம் செவலை பின்சீட்டில் இருப்பான். நாட்டு நாய்தான், பயணம் என்றால் உயிர். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நாம் பார்க்க ஆசைப்படும் இடத்தை வைத்துத் திரும்பாதீர்கள், மல்லிக்கு என்ன வேண்டும் என்று பார்த்துத் திரும்புங்கள். அதற்கு வேண்டியது நிழல், தண்ணீர், கால் சுடாத மண். கோட்டையில் இவை மூன்றும் இருக்காது.

ரஞ்சன்குடி சாலையை ஒட்டியே இருக்கிறது. தொல்லியல் துறை காக்கிற கோட்டை, அதனால் நாய்க்கு உள்ளே இடமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மல்லியோடு வெளியே நிற்க, மற்றவர்கள் போய் வரலாம். விடிகாலை நாலு மணிக்குத் தாம்பரத்தை விட்டால் வெயில் ஏறுமுன் அங்கே இருப்பீர்கள். சாத்தனூரில் கிடப்பது ஏறக்குறைய 12 கோடி ஆண்டுப் பழைய மரம், கல்லாகவே மாறி 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. அப்போது இந்தப் பக்கமெல்லாம் கடல். பையனுக்குக் கட்டாயம் காட்டுங்கள். ஆனால் பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டால் விட்டுவிட்டு நேரே போங்கள், திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு அமைந்த நல்ல சுற்றுவழி எதுவும் நான் திட்டமிட்டதில்லை. ஒரு சித்திரையில் சமயபுரம் தேருக்குப் போகிற கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டது. பாடாலூரில் கிழக்கே ஒடித்து, புள்ளம்பாடி வழியாக லால்குடிப் பக்கம் போனேன். வாய்க்கால்களில் சொட்டுத் தண்ணீர் இல்லை. செவலை நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டிருந்தான். ஒரு வயலில் பம்புசெட் ஓடும் சத்தம் கேட்டு வண்டியை நிறுத்தினேன். அங்கே இருந்த பெரியவரிடம் கேட்டேன். “தொட்டிக்குள்ள விடாதீங்க தம்பி, அது நாங்க குடிக்கிற தண்ணி. கீழே வாய்க்கால்ல படுக்கட்டும்” என்றார். அரைமணி நேரம் வாய்க்காலில் வயிறு நனையப் படுத்திருந்துவிட்டு, எழுந்து உதறி, தானாகவே வண்டியில் ஏறிக்கொண்டான். அதிலிருந்து வெயில் காலத்தில் நான் ஏரியைத் தேடுவதில்லை, பம்புசெட் சத்தத்தைத்தான் தேடுகிறேன். கேட்டால் இல்லை என்று சொன்ன விவசாயியை இதுவரை பார்த்ததில்லை. கேட்காமல் மட்டும் இறங்காதீர்கள்.

வீட்டுக்காரர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. டீக்கடை வாசலில் நிறுத்தினால் அந்தத் தெரு நாய்கள் சும்மா விடாது, அது அவற்றின் இடம். ஊர் எல்லை தாண்டி நிறுத்துங்கள். கதவைத் திறக்கும் முன்பே கயிறு கையில் இருக்கட்டும். பக்கத்தில் ஆடு மேய்ந்தால் இறக்கவே வேண்டாம்.

இன்னொன்று. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 தண்ணீர் திறப்பார்கள். திறந்திருந்தால் திருச்சியில் காவிரி ஓடும். இல்லையென்றால் வெறும் மணல், மதியத்தில் அதில் நாயை நடக்கவிடக் கூடாது. கொள்ளிடத்தில் முதலை உண்டு, அங்கே கரையோடு சரி.

கால்நடை மருத்துவர், நாமக்கல்:

மேலே சொன்னதோடு உடம்பு விஷயம் கொஞ்சம். காருக்குள் விட்டுவிட்டு “ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவோம்” என்பது வேண்டவே வேண்டாம். வெளியே 30 டிகிரி இருந்தால், பத்து நிமிடத்தில் உள்ளே ஏறக்குறைய 40 ஆகிவிடும். கண்ணாடியை விரலளவு இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் இல்லை. நாய்க்கு இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி. லேப்ரடாருக்கு மயிர் அடர்த்தி, சூடு சீக்கிரம் ஏறும். ஈறு செக்கச் சிவந்து, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி மூடி வைக்காதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். ஊற்றி விசிறிக்கொண்டே பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள்.

கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள், வாந்தி குறையும். வெறிநாய்த் தடுப்பூசி அட்டையை எடுத்து வையுங்கள். புல்லில் புரண்டு வந்தால் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள்.

சேத்தூர்க்காரன்:

அய்யனார் அருவியை விட்டுவிடுங்கள் அக்கா. அது 2021-இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகப் பகுதி. அந்தக் காட்டுக்குள் வீட்டு நாயைக் கொண்டுபோகவே கூடாது. நாயிடமிருந்து காட்டு விலங்குக்கு நோய் தொற்றும், 2018-இல் கிர் காட்டில் சிங்கங்கள் செத்தபோது கண்டுபிடித்த டிஸ்டெம்பர் கிருமி நாய்களிடம் இருப்பதுதான். சிறுத்தைக்கும் நாய் என்றால் ஆசை.

அடிவாரத் தோப்பு என்றாலும் கவனம். காட்டுப்பன்றிக்கு அவுட்டுக்காய், அதாவது கடித்தால் வெடிக்கிற மருந்து உருண்டை, வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டப்படி குற்றம், ஆனாலும் வைக்கிறார்கள். கீழே கிடக்கிற உருண்டையை மோந்து கடித்தால் நாயின் தாடையே போய்விடும். எங்கள் தெருவில் அப்படி ஒரு நாயைப் பறிகொடுத்தோம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மலைப்பக்கம் மேற்கே திரும்பாமல், சாலைக்குக் கிழக்கே ஊரை ஒட்டிய தோப்பாகப் பாருங்கள், உரிமையாளரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். வாசுதேவநல்லூர், புளியங்குடி வரும்போது ஜூன் சாரல் காற்று வீச ஆரம்பித்துவிடும். எலுமிச்சைத் தோப்பு நிறைய உண்டு, மருந்து அடித்திருக்கிறார்களா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் கவி:

எல்லோருக்கும் நன்றி. அவுட்டுக்காய் விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. வீட்டுக்காரரும் படித்தார். பம்புசெட் யோசனைக்கு உடனே சரி என்றுவிட்டார். அருவியை நீக்கிவிட்டோம், கல்மரம் நேரத்தைப் பொறுத்து. இரண்டாம் நாள் மதுரையில் வெயில் ஏறுமுன் திருமங்கலம் தாண்ட வேண்டுமென்றால் திருச்சியிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

சேத்தூர்க்காரன்:

ஐந்து மணிக்கு அக்கா. மதுரை ஊருக்குள் போகாமல் சுற்றுச்சாலையைப் பிடியுங்கள், எட்டரைக்குள் திருமங்கலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினால் மல்லிக்கு எட்டாமல் வையுங்கள்.