கச்சேரி சிடியை ஃப்ளாக் ஆக்கினால் ‘டிக்’ சத்தம், காதைக் கீறும் வயலின்: எங்கே தவறு?

சுருதிப்பெட்டி கேட்டது:

வணக்கம். 14 கர்நாடக இசை சிடிக்களைக் கணினிக்கு ஏற்றியிருக்கிறேன். கணினியோடு வந்த பிளேயரிலேயே ‘ரிப்’ (பாட்டை ஃபைலாக எடுப்பது) கொடுத்து, தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவில் சேமித்தேன். 11 சிடி நன்றாக இருக்கிறது. மூன்றில்தான் தொல்லை.

ஒன்றில் 7, 8ஆம் ட்ராக்குகளில் ஆலாபனை நடுவே ‘டிக், டிக்’ என்று கேட்கிறது. அதே சிடியை ஹாலில் இருக்கும் பழைய சிடி பிளேயரில் போட்டால் சுத்தமாகப் பாடுகிறது. இன்னொன்று 1986இல் ஜப்பானில் அச்சானது. ஃபைலில் வயலின் காதைக் கீறுகிறது, ‘ஸ’ வரும் இடமெல்லாம் சீறுகிறது. இதுவும் பிளேயரில் இதமாகவே ஒலிக்கிறது. மூன்றாவதில் ராகம், தானம், பல்லவி மூன்றும் தனித்தனி ட்ராக். எம்பி3 ஆக்கி காரில் போட்டால் தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் ஒரு விக்கல்.

லேப்டாப், விண்டோஸ் 10, யூஎஸ்பி டிவிடி டிரைவ். ஃப்ளாக் லெவலை 5இலிருந்து 8க்கு ஏற்றினால் சரியாகுமா?

கச்சேரிக்காது எழுதியது:

லெவலைத் தொட வேண்டாம். 0 வைத்தாலும் 8 வைத்தாலும் விரிக்கும்போது வருவது அதே பிட்கள்தான். ஃபைல் அளவும் சுருக்க ஆகும் நேரமும் மட்டும் மாறும். உங்கள் ‘டிக்’ அதற்கு முன்பே, டிரைவ் படிக்கும்போதே உள்ளே வந்துவிட்டது.

டேட்டா சிடியில் பிழைதிருத்தத்துக்கு இரண்டு அடுக்கு உண்டு. ஆடியோ சிடியில் ஒன்றுதான். அதனால் டேட்டா சிடி கெட்டிருந்தால் காப்பி பாதியில் நின்று ‘படிக்க முடியவில்லை’ என்று சொல்லும். பாட்டு சிடி அப்படி நிற்காது. கிடைக்காத மாதிரிகளுக்கு (சாம்பிள், ஒலி அலையை அளந்து குறித்த எண்கள்) பக்கத்து மாதிரிகளை வைத்து ஒப்பேற்றிக் கொடுத்துவிடும். ஹால் பிளேயர் இந்த ஒப்பேற்றலுக்கென்றே செய்த பெட்டி, ஒரு மடங்கு வேகத்தில் நிதானமாகப் படிக்கும். கணினி டிரைவ் 24 மடங்கு, 40 மடங்கு என்று ஓடும்போது அதே கீறலில் தடுமாறும். சிடி உள்வட்டத்திலிருந்து வெளியே படிக்கப்படுவதால் கடைசி ட்ராக்குகள் விளிம்பில் இருக்கும். கைரேகை படுவதும் தட்டு ஆடுவதும் அங்கேதான் அதிகம். 7, 8இல் மட்டும் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆலாபனையில் மட்டும் கேட்பதும் பிரமை இல்லை. தம்புரா மட்டும் ஓடும் இடத்தில் ஒரு மில்லிவினாடிப் பிசகுகூடத் துருத்திக்கொண்டு தெரியும். தனி ஆவர்த்தனத்தில் பத்து ‘டிக்’ இருந்தாலும் மிருதங்கம் விழுங்கிவிடும். அதனால் காதை நம்பி ‘நன்றாக இருக்கிறது’ என்று முடிவு கட்டாதீர்கள். ரிப் செய்யும் நிரல் எழுதிவைக்கும் லாக் (எப்படிப் படித்தது என்ற குறிப்பு) பாருங்கள்.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற ரிப் நிரலை நிறுவுங்கள், இலவசம்தான். டிரைவ் ஆப்ஷன்ஸில் செக்யூர் மோட். ‘டிரைவ் காஷ் செய்கிறது’ என்பதை டிக் செய்யுங்கள். இதை விட்டால் மறுபடி படிக்கச் சொல்லும்போது டிரைவ் தட்டைத் தொடாமல் தன் நினைவகத்தில் இருப்பதையே திருப்பிக் கொடுக்கும். தப்பும் தப்பும் ஒத்துப்போய் ‘ஓகே’ என்று வந்துவிடும். சி2 (டிரைவே தன் பிழையைச் சொல்லும் வசதி) பெட்டியில் டிக்கை எடுத்துவிடுங்கள், பல டிரைவ்கள் அதில் பொய் சொல்கின்றன. ‘நார்மலைஸ்’ (ஒலியளவை மாற்றிச் சமன்செய்வது) கூடாது. பிறகு ‘டெஸ்ட் அண்ட் காப்பி’: ஒவ்வொரு ட்ராக்கையும் இரண்டு முறை படித்து இரண்டு சிஆர்சி எண் (படித்த தரவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) தரும். இரண்டும் ஒன்றானால்தான் கணக்கு.

யாழ்செவி எழுதியது:

மென்பொருளுக்குப் போக முதல் இறுவட்டைக் கழுவிப் பாருங்கோ. ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம், வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய பருத்தித் துணி. நடு ஓட்டையிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கோ, வட்டமாகத் துடைக்க வேண்டாம். பிழைதிருத்தம் ட்ராக் நீளத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை தொடர்ந்து அழிந்த தரவை மீட்கும். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மயிரிழையைத்தான் வெட்டும், அது தாங்கும். ட்ராக் வழியே வட்டமாக விழுந்த கீறல் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். தின்னர், நகப்பூச்சு நீக்கி கிட்டவும் கொண்டுபோகக் கூடாது, பிளாஸ்டிக் பனி பிடித்தது மாதிரி ஆகிவிடும்.

பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கோ. லேபிள் பக்கத்தில் ஊசித்துளை போல வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் உலோகப் படலமே இல்லை. கீழ்ப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் தடிப்பு, கீறலை மெருகேற்றலாம். மேலே மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும்தான், அங்கே போனது போனதுதான். பற்பசை வைத்தியம் எல்லாரும் சொல்வார்கள். கீழ்ப்பக்கத்து ஆழமில்லாத கீறலுக்கு மட்டும், அதுவும் கடைசி முயற்சியாக.

யூஎஸ்பி டிரைவை ஹப்பில் கொழுவாமல் நேரே கணினியில் கொழுவுங்கோ. மின்சாரம் போதாவிட்டால் வாசிப்பு தளும்பும்.

கச்சேரிக்காது எழுதியது:

ஜப்பான் சிடி விஷயம் வேறு. அது கெட்டுப்போகவில்லை. ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன், ப்ரீ-எம்ஃபசிஸ். 80களின் சில சிடிக்களில் இரைச்சலைக் குறைக்க மேல்சுருதிகளைத் தூக்கிப் பதிவு செய்து, ‘கேட்கும்போது இறக்கு’ என்று ஒரு குறியும் போட்டுவிடுவார்கள். 10 கிலோஹெர்ட்ஸில் இந்தத் தூக்கல் சுமார் 7.6 டெசிபெல். ஹால் பிளேயர் குறியைப் பார்த்து இறக்கிவிடுகிறது. ரிப் செய்யும் நிரல்கள் பெரும்பாலும் பிட்டை அப்படியே எடுத்து வைப்பதோடு சரி.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பியின் ட்ராக் பட்டியலில் ப்ரீ-எம்ஃபசிஸ் என்றே ஒரு பத்தி இருக்கும். ‘எஸ்’ என்றிருந்தால் முடிந்தது கதை. ‘நோ’ என்றிருந்தாலும் சந்தேகத்தை விடாதீர்கள். சில தட்டுகளில் குறி தொடக்கப் பட்டியலில் இல்லாமல் பாட்டோடு ஓடும் துணைக்குறியீட்டில் மட்டும் இருக்கும். சாக்ஸ் என்ற ஒலி மாற்றும் நிரலில் ‘டீஎம்ஃப்’ என்ற விளைவு இதற்கென்றே உண்டு. 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபைலிலேயே போடுங்கள், வெளியீட்டை 24 பிட்டாக எழுதுங்கள், மூல ரிப்பை அழிக்காதீர்கள். ஈக்வலைசரில் ட்ரிபிளைக் குறைத்துச் சமாளிக்க வேண்டாம், வளைவு பொருந்தாது.

பல்லவி விக்கல்: எம்பி3 என்கோடர் தொடக்கத்திலும் முடிவிலும் சில நூறு மாதிரிகள் வெறுமை சேர்க்கும். லேம் என்ற எம்பி3 என்கோடர் அந்த அளவை ஃபைலின் தலைப்பில் குறித்து வைக்கிறது, கார் ஸ்டீரியோ அதைப் படிப்பதில்லை. ஃப்ளாக்கில் இந்த வெறுமையே கிடையாது, கார் ஃப்ளாக் ஏற்றால் முதலில் அதில் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் மூன்றையும் ஒரே ஃபைலாக இணைத்து, அதன்பின் எம்பி3 ஆக்குங்கள், லேமின் வி2 தர அமைப்பு போதும்.

சுருதிப்பெட்டி எழுதியது:

ஜப்பான் சிடியில் ‘எஸ்’ என்றே இருந்தது. சாக்ஸ் போட்டதும் ஹால் பிளேயரில் கேட்பது போலவே ஆகிவிட்டது. நன்றி சார்.

முதல் சிடியைக் கழுவி மறுபடி எடுத்தேன். 1 முதல் 6 வரை ட்ராக் தரம் 100 சதவீதம். 7ஆவது 99.6, காப்பி ஓகே, இரண்டு சிஆர்சியும் ஒன்று. 8ஆவது 97.1, மூன்று இடத்தில் ‘சஸ்பிஷியஸ் பொசிஷன்’, சிஆர்சி ஒத்துவரவில்லை. மற்றவர்கள் எடுத்த ரிப்களோடு ஒப்பிடும் அக்யூரேட்ரிப் பட்டியலில் ‘இந்த டிஸ்க் இல்லை’ என்கிறது. 7ஐ நம்பலாமா?

கச்சேரிக்காது எழுதியது:

நம்பலாம். 99.6 என்றால் 0.4 சதவீதம் பாட்டு போய்விட்டது என்று பொருளில்லை, சில இடங்களை மறுபடி மறுபடி படிக்க வேண்டியிருந்தது என்றுதான் பொருள். ஐயமான இடத்தை எக்ஸாக்ட் ஆடியோ காப்பி 16 முறை படிக்கும். 8 முறை ஒரே விடை வந்தால் ஏற்கும். ‘ஹை’ அமைப்பில் இப்படி ஐந்து சுற்று, அதாவது 80 வாசிப்பு. அப்போதும் தீராததுதான் ‘சஸ்பிஷியஸ்’.

கர்நாடக சிடி பல அக்யூரேட்ரிப் பட்டியலில் இருக்காது. ஒத்துப்பார்க்க இன்னொருவர் எடுத்திருக்க வேண்டுமே! அதற்கு மாற்று, வேறு தயாரிப்பு டிரைவ் ஒன்றில் எடுத்து சிஆர்சியை ஒப்பிடுவது. ஆனால் ஆஃப்செட் வைக்காமல் ஒப்பிட்டால் எல்லா ட்ராக்கும் பொருந்தாமல்தான் வரும். ஒவ்வொரு டிரைவும் சில மாதிரிகள் முந்தியோ பிந்தியோ தொடங்கும்: ஒன்று 6, ஒன்று 102, ஒன்று 667. பிரபலமான ஆங்கில ஆல்பம் ஏதாவது ஒன்றின் அசல் சிடியைப் போட்டால் அக்யூரேட்ரிப் அதை வைத்து ஆஃப்செட்டைத் தானே கண்டுபிடித்துவிடும். 667 என்றால்கூட 15 மில்லிவினாடிதான், ஒலித்தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

8ஆவதை வேகம் 4 மடங்குக்கு இறக்கி எடுங்கள். டெஸ்க்டாப்பில் பொருத்தும் பெரிய டிரைவ் கிடைத்தால் அதில் போடுங்கள். மெல்லிய லேப்டாப் டிரைவ்கள் விளிம்பில் சறுக்குவது சகஜம்.

யாழ்செவி எழுதியது:

மிச்சம் 11 இறுவட்டையும் ஸ்பெக் என்ற சிறு நிரலில் திறந்து பார்த்தீர்களோ? ஒலிக்கற்றைப் படம் காட்டும்.

சுருதிப்பெட்டி எழுதியது:

பார்த்தேன். பத்து சரி. கடையில் பதிந்து வாங்கிய ஒன்றில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் முழுக்கக் கறுப்பு. லாக்கில் எல்லாம் 100 சதவீதம்!

யாழ்செவி எழுதியது:

படத்தை ஒருக்கா வடிவாகப் பாருங்கோ. மேலே போகப் போக மெல்ல மங்கினால் பழைய நாடாப் பதிவு, அதில் குறை இல்லை. கத்தியால் வெட்டியது போல 16இல் நேர்கோடாக நின்றால் யாரோ 128 கிலோபிட் எம்பி3யை விரித்து ஆடியோ சிடியாகப் பதிந்திருக்கிறார்கள். வாசிப்பு நூற்றுக்கு நூறு சரி, பதிந்த சரக்குத்தான் அப்படி. அதை ஃப்ளாக்கில் வைத்தால் இடம்தான் வீண். வேறு அசல் தேடுங்கோ.

சுருதிப்பெட்டி எழுதியது:

நேர்கோடுதான். விடுகிறேன். 8ஆவது ட்ராக் பெரிய டிரைவில் 4 மடங்கில் எடுத்ததும் ஒரே ஒரு இடம் மிஞ்சியிருக்கிறது, 4 நிமிடம் 12ஆவது வினாடி.

கச்சேரிக்காது எழுதியது:

அடாசிட்டி என்ற ஒலி திருத்தும் நிரலில் திறந்து அந்த வினாடியைப் பெரிதாக்குங்கள். அலை சட்டென்று குத்தி நிற்கும் இடம் தெரியும். அதை மட்டும் தேர்ந்தெடுத்து ‘ரிப்பேர்’. ஒரு தடவைக்கு 128 மாதிரிதான் ஏற்கும், ஏறக்குறைய 2.9 மில்லிவினாடி, ஒரு ‘டிக்’குக்கு இது தாராளம். ட்ராக் முழுக்கக் ‘கிளிக் ரிமூவல்’ ஓட்டிவிடாதீர்கள், மிருதங்கத்தின் ‘சாப்பு’ விளிம்பையும் சேர்த்துச் சீவிவிடும். சேமிக்கும்போது 16 பிட், டிதர் (வேண்டுமென்றே சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) இல்லாமல். தொட்ட ஃபைலுக்கு வேறு பெயர், லாக் பக்கத்திலேயே இருக்கட்டும்.