ஒரு வயர்கூட வெட்டாமல் காருக்கு ஆண்ட்ராய்டு ஸ்கிரீனா? யாரிடம் விடுகிறீர்கள் இந்தக் கதையை?

சில்க்போர்டு சித்தர்:
நம் பெங்களூர் கார் மன்றத்தின் பக்கத்து இழையில் ஜெயநகர் ஜெகன் எழுதியதை அப்படியே தருகிறேன். "கம்பெனி ஸ்கிரீனைக் கழற்றிவிட்டு ஜே.சி. ரோட்டில் 10 இஞ்ச் ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் போட்டேன். எல்லாம் செருகினால் போதும் என்கிற கப்ளர்தான், ஒரு வயர்கூட வெட்டவில்லை. பின்கேமராவும் சேர்த்து 19,000. வாரண்டி போய்விடும் என்பதெல்லாம் ஷோரூம்காரன் காட்டும் பூச்சாண்டி." இதற்குக் கீழே வரிசையாக கைதட்டல் வேறு. ரிவர்ஸ் கியர் போட்டதும் கேமராவை எழுப்பும் ரிவர்ஸ் சிக்னலை எங்கிருந்து எடுத்தார்கள் என்று ஒருத்தராவது கேட்டீர்களா? ஜெகன் வாங்கியது விலை குறைந்த அடி வேரியன்டுக்கு அடுத்தது. அதில் கம்பெனி கேமராவே கிடையாது. நம்பர் பிளேட்டுக்கு மேலே புதிதாக ஒரு கேமரா மாட்டினால் அதற்கு 12 வோல்ட் வேண்டும். ஜே.சி. ரோட்டுப் பையன் என்ன செய்வான்? டிக்கி லைனிங்கை நெம்புவான், ரிவர்ஸ் லைட்டுக்குப் போகும் வயரின் மேல்தோலை பிளேடால் சீவுவான், கேமரா வயரை அதில் முறுக்கி கறுப்பு டேப்பைச் சுற்றுவான். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் கேமரா ஓடுகிறது என்றால் அந்தக் கடைக்காரருக்குக் கோயில் கட்டலாம்.

ஜெயநகர் ஜெகன்:
வந்துவிட்டார் சித்தர். யாராவது காரில் ஒரு ஸ்க்ரூவைத் தொட்டாலே இவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். ஐயா, கேன் பஸ் டிகோடர் என்று ஸ்கிரீனோடு ஒரு சின்னப் பெட்டி வருகிறது. ரிவர்ஸ் கியர் விழுந்தால் வண்டியே அந்தத் தகவலை அனுப்பும், பெட்டி அதைப் படித்து ஸ்கிரீனுக்குச் சொல்லும். ஸ்டியரிங் பட்டன், கதவு திறந்திருக்கிறது என்ற எச்சரிக்கை, எல்லாம் அதே வழிதான். கேன் பஸ் என்பது வண்டியின் பாகங்கள் தங்களுக்குள் தகவல் பேசிக்கொள்ளும் வயர் இணைப்பு, பாஷ் கம்பெனி 1986இல் வெளியிட்ட தொழில்நுட்பம். பீன்யா பக்கம் இன்னும் பஸ் வரவில்லையா?

சில்க்போர்டு சித்தர்:
பீன்யாவில் கார் வயர்களைக் கட்டாகச் சேர்த்து வயரிங் ஹார்னஸ் பின்னும் இடத்தில் வேலை பார்த்தவனிடமே கேன் பஸ் பாடமா, நல்லது. ஹை, லோ என்று முறுக்கிய இரண்டு வயர், இரண்டு முனையிலும் 120 ஓம் மின்தடை. பேட்டரியைக் கழற்றிவிட்டு மல்ட்டிமீட்டர் வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். கடையில் உங்கள் வண்டியில் அதை யாராவது அளந்தார்களா? அதை விடுங்கள். டிகோடர் ஸ்கிரீனுக்குத்தான் சொல்லும், கேமராவுக்கு யார் கரண்ட் கொடுத்தது? நான் கேட்டது அது. ரிவர்ஸ் சிக்னல் எங்கிருந்து வந்தது?

ஒயிட்ஃபீல்டு விஜி:
சித்தர் சார், நீங்கள் சொல்வதுதான் ஒரே வழி என்பது தவறு. கேமராவின் வீடியோ கேபிளோடு ஒட்டிக்கொண்டு மெல்லிய சிவப்பு வயர் ஒன்று வரும். ரிவர்ஸ் விழுந்ததும் 12 வோல்ட் வெளியே தருகிற டிகோடர்கள் உண்டு. அந்த வயர் வழியாக முன்னாலிருந்தே கேமராவுக்குக் கரண்ட் அனுப்பலாம், டிக்கியில் கைவைக்கவே வேண்டாம். என் வண்டியில் நானே பக்கத்தில் நின்று அப்படித்தான் போடச் சொன்னேன்.

இன்னொன்று. எல்லோரும் வயரைப் பற்றியே பேசுகிறீர்களே, இதை எதற்காக மாற்றுகிறோம் என்று யாராவது யோசித்தீர்களா? போனில் இருக்கும் மேப்பையும் பாட்டையும் கார் ஸ்கிரீனில் காட்டும் கார்ப்ளே 2014இல் வந்தது, ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015இல். அதற்கு அப்புறமும் எத்தனையோ வருடம் கீழ் வேரியன்டுகளில் ப்ளூடூத்தோடு நிறுத்திவிட்டு, மேப் வேண்டுமென்றால் மேல் வேரியன்டுக்கு லட்சம் லட்சமாகக் கொடு என்றார்கள். மாரத்தஹள்ளி பாலத்துக்குக் கீழே நின்றுகொண்டு மடியில் இருக்கும் போனைக் குனிந்து பார்ப்பதைவிட, கண்ணுக்கு நேரே பெரிய ஸ்கிரீனில் மேப் இருப்பது பாதுகாப்பு.

சில்க்போர்டு சித்தர்:
அனுப்பலாம் அம்மா, யார் இல்லை என்றது. நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள், அதனால் செய்தான். ஜெகன் வண்டியில் அனுப்பினார்களா? அவருடையது மேனுவல் கியர், கீழ் வேரியன்ட். இந்த மாதிரி வண்டியில் கியர்பாக்ஸில் இருக்கும் சின்ன சுவிட்ச் நேராக ரிவர்ஸ் லைட்டை எரிய வைக்கும். ஸ்கிரீன் கப்ளர் வரைக்கும் அந்தத் தகவல் கேன் வழியாக வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்த வண்டிக்கும் இல்லை. வராத வண்டியில் டிகோடர் எதைப் படிக்கும், பஞ்சாங்கத்தையா? ஜெகன், ஒரே ஒரு போட்டோ. டிக்கியின் இடது பக்க லைனிங்கை விலக்கி ரிவர்ஸ் லைட் வயரைப் படம் எடுத்துப் போடுங்கள். முடிந்தது கதை.

ஜெயநகர் ஜெகன்:
உங்களுக்குப் படம் காட்ட நான் டிக்கியைப் பிரிக்க வேண்டுமா? எனக்கு வேறு வேலை இல்லையா? ஸ்கிரீனுக்குப் பின்னால் இருக்கும் கப்ளர் படம் ஏற்கெனவே போட்டிருக்கிறேன். கம்பெனி கப்ளர் முழுசாக இருக்கிறது, கண் இருப்பவர்கள் பார்க்கலாம். நாளைக்கே பழைய ஸ்கிரீனை மாட்டி ஷோரூமுக்குப் போனால் ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது. அதுவும் போக, சாவியைத் திருப்பிய ஒரே வினாடியில் ஸ்கிரீன் ஆன் ஆகிறது. கம்பெனி ஸ்கிரீன் லோகோவைக் காட்டிவிட்டு வருவதற்குள் நான் பார்க்கிங்கில் இருந்து ரோட்டுக்கு வந்துவிடுவேன்.

அல்சூர் அண்ணாச்சி:
"ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது" என்றால் கண்டுபிடிப்பதற்கு ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம் தம்பி? 😀

சில்க்போர்டு சித்தர்:
அண்ணாச்சி ஒரே வரியில் முடித்துவிட்டார். இருந்தாலும் அந்த "ஒரே வினாடி"யைச் சும்மா விட மனம் இல்லை. ஆண்ட்ராய்டு ஒரு வினாடியில் பூட் ஆகாது. உங்கள் கையில் இருக்கும் போனை அணைத்துப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று. ஸ்கிரீன் ஒரு வினாடியில் வருகிறது என்றால் அது அணையவே இல்லை, தூங்குகிறது. தூங்கும்போதும் பேட்டரியில் இருந்து குடித்துக்கொண்டே இருக்கும். நல்ல செட் என்றால் சில மில்லி ஆம்பியர், மட்டமான செட்டோ, எப்போதும் கரண்ட் இருக்கும் மஞ்சள் வயரையும் சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் சிவப்பு வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்ட வேலையோ என்றால் அரை ஆம்பியர்கூட இழுக்கும். சின்ன காரில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி. அரை ஆம்பியருக்கு 70 மணி நேரம், அதுவும் பேட்டரி புதுசாக, முழு சார்ஜில் இருந்தால். வெள்ளிக்கிழமை ராத்திரி நிறுத்திவிட்டு ஊருக்குப் போனால் திங்கட்கிழமை வண்டியைத் தள்ளத்தான் வேண்டும். வண்டி அணைந்து அரை மணி ஆன பிறகு மீட்டர் போட்டு 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கிறதா பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் எஸ்.பி. ரோட்டில் சல்லி விலைக்குக் கிடைக்கிறது, 19,000 கொடுத்தவருக்கு அது ஒரு செலவா?

அத்திப்பள்ளி அருள்:
இதே பேட்டரி பிரச்சினை எனக்கும் வந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் ரிமோட்கூட வேலை செய்யவில்லை. போட்ட கடையில் கேட்டால் "பேட்டரி வீக் சார், மாத்திடுங்க" என்கிறான். சித்தர் சொல்வது சரி. அப்புறம் வேலூர் வெயிலில் ஒரு மத்தியானம் நிறுத்தினால் ஸ்கிரீன் தொங்கிவிடுகிறது, ரீசெட் ஓட்டையில் ஊசி விட்டுக் குத்த வேண்டும்.

ஜெயநகர் ஜெகன்:
அருள் சொல்லாமல் இருப்பாரா. டிஎன் நம்பர் பிளேட்டில் வருடக்கணக்கில் பெங்களூரில் ஓட்டிக்கொண்டு லைஃப் டாக்ஸ் கட்டாதவர் எனக்கு வாரண்டி சட்டம் சொல்கிறார்!

அத்திப்பள்ளி அருள்:
நான் வாரண்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே! வீடு ஒசூரில், ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டியில். ராத்திரி வண்டி தூங்குவது தமிழ்நாட்டில். இதற்கு எதற்கு கர்நாடகாவில் டாக்ஸ்? டோலுக்கே பாதி சம்பளம் போகிறது.

அல்சூர் அண்ணாச்சி:
12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டியை வைத்திருந்தால்தான் நம்பர் மாற்ற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு 47. தினமும் ராத்திரி எல்லை தாண்டித் திரும்பிப் போகிறவரிடம் எந்தக் கணக்கில் கேட்பது? அருள், டோல் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நடுரோட்டில் நிறுத்தி வாக்குவாதம் செய்தால் உதவும்.

ஒயிட்ஃபீல்டு விஜி:
டாக்ஸுக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்களேன்.

சில்க்போர்டு சித்தர்:
ஜெகன் வேண்டுமென்றே திசைதிருப்புகிறார் விஜி. போன தடவை நைட்ரஜன் காற்று இழையிலும் இதே வேலைதான். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானய்யா, எதற்குத் தனியாகக் காசு என்று கேட்டதற்கு என் டயர் வழுக்கையாக இருக்கிறது என்று பதில் சொன்னவர். சரி, என் டயர் வழுக்கைதான். ரிவர்ஸ் சிக்னல் எங்கிருந்து வந்தது?

ஜெயநகர் ஜெகன்:
நைட்ரஜனில் ஈரப்பதம் இல்லை, அதனால் பிரஷர் சீராக இருக்கும், அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன். அதை ஒத்துக்கொள்ள உங்களுக்கு ஈகோ. இங்கேயும் அதேதான். நாலு ஸ்பீக்கருக்கும் தலா 45 வாட், சத்தத்தைச் சீராக்கும் டிஎஸ்பி, க்யூஎல்இடி பேனல், ஆண்ட்ராய்டு 13, 4 ஜிபி ரேம். இதற்குப் பக்கத்தில் உங்கள் கம்பெனி டப்பா நிற்குமா? வயர் வயர் என்று அழுவதை நிறுத்திவிட்டு ஒருமுறை என் வண்டியில் உட்கார்ந்து பாட்டு கேளுங்கள்.

சில்க்போர்டு சித்தர்:
45 வாட்! வண்டி ஓடும்போது 14.4 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம். உள்ளே வோல்டேஜைக் கூட்டும் சர்க்யூட் இல்லாத செட்டில் 14.4ஐ 14.4ஆல் பெருக்கி, 4 ஓமின் இரண்டு மடங்கான எட்டால் வகுத்தால் 26 வாட் வரும், அதற்கு மேல் சுத்தமான சத்தம் கிடையாது. அட்டைப்பெட்டியில் அச்சடிப்பதற்கு என்ன காசா பணமா. ஆண்ட்ராய்டு 13ஆ? செட்டிங்கில் எழுதியிருப்பதைப் பார்க்காதீர்கள், அதைக் கடைக்குப் போகும் முன்பே மாற்றி எழுதிவிடுவார்கள். ஆண்ட்ராய்டின் உள் பதிப்பு எண்ணான ஏபிஐ லெவலைக் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 33 என்று வந்தால் 13, 29 என்று வந்தால் அது ஆண்ட்ராய்டு 10தான். ரேமும் அப்படித்தான், 4 என்று எழுதி 2 வைத்த செட்டெல்லாம் நான் பிரித்தே பார்த்திருக்கிறேன். வாரண்டிக்கு வருகிறேன். ஸ்கிரீன் மாற்றினால் இன்ஜின் வாரண்டி போகாது, அப்படிச் சொல்லும் ஷோரூம்காரனும் புளுகன்தான். ஆனால் வெளிப்பொருள் மாட்டியதால் வந்த சேதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று புத்தகத்தில் எழுதித்தான் இருக்கிறது. நாளைக்கு டிக்கி பக்கம் ஷார்ட் ஆகி பின்லைட் ஃப்யூஸ் போனால் சர்வீஸ்காரன் முதலில் தேடுவது கறுப்பு டேப்பை. சீவிய வயரில் சீவிய தடம் இருக்கும், பழைய ஸ்கிரீனை மாட்டினால் அது மறைந்துவிடுமா?

அல்சூர் அண்ணாச்சி:
எனக்கு ஒரு எளிய சந்தேகம். ஜெகன் வண்டியில் 102.9 விவித பாரதி இரைச்சல் இல்லாமல் வருகிறதா? என் மருமகன் இந்த மாதிரி ஒரு செட் போட்டதில் இருந்து எஃப்எம் என்றால் வறுகடலை வறுக்கும் சத்தம்தான். ராத்திரி பாட்டு கேட்டுக்கொண்டு வர ஆசைப்படுகிறவனுக்கு 10 இஞ்ச் எதற்கு?

ஒயிட்ஃபீல்டு விஜி:
அண்ணாச்சி, அது செட்டின் கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். பல வண்டிகளில் கூரை ஆன்டெனாவுக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் இருக்கும், அதற்கு செட்டில் இருந்து 12 வோல்ட் போக வேண்டும். அந்த நீல வயரை ஆன்டெனா பக்கம் இணைக்காமல் மடக்கி டேப் சுற்றி விட்டுவிடுவார்கள். மருமகனை அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சில்க்போர்டு சித்தர்:
பாருங்கள், நீல வயர். கடையில் எந்த வயரை எதோடு சேர்த்தான் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் "ஒரு வயர்கூட" என்று மட்டும் எல்லோரும் சத்தியம் செய்வார்கள். ஹேண்ட்பிரேக் வயரை என்ன செய்தான் ஜெகன்? ஓடும்போது வீடியோ வரக்கூடாது என்பதற்காக இருக்கும் வயர். அதை நேராக பாடியில் எர்த் பண்ணியிருப்பான், ஹேண்ட்பிரேக் எப்போதும் போட்டிருப்பதாக செட் நம்பிவிடும். நீங்கள் ஐபிஎல் பார்த்துக்கொண்டே ஹெப்பால் மேம்பாலம் ஏறியதாக ஏப்ரலில் பெருமையாக எழுதியிருந்தீர்களே.

ஜெயநகர் ஜெகன்:
பார்த்தது பக்கத்து சீட்டில் இருந்த என் மனைவி. ஸ்கோர் கேட்டேன், சொன்னாள். இதற்கும் என்னைத் தூக்கில் போடுங்கள். உங்களுக்குப் பொறாமை சித்தரே, வேறொன்றும் இல்லை. நாங்கள் மாற்றுவோம், ரசிப்போம். நீங்கள் மீட்டரைக் கட்டிப்பிடித்துத் தூங்குங்கள்.

சில்க்போர்டு சித்தர்:
பக்கத்து சீட்டுக்கும் உங்கள் சீட்டுக்கும் தனித்தனி ஸ்கிரீனா? டிக்கி போட்டோ எங்கே?

புதுமுகம் 77:
வணக்கம். எல்லாவற்றையும் படித்தேன், தலை சுற்றுகிறது. என் வண்டியில் ஏசி கன்ட்ரோலும் 360 கேமராவும் கம்பெனி ஸ்கிரீனுக்குள்ளேயே இருக்கின்றன. அதையும் மாற்றலாமா? 9 இஞ்ச் போதுமா, 10 வேண்டுமா?

ஒயிட்ஃபீல்டு விஜி:
ஏசி ஸ்கிரீனுக்குள் இருந்தால் தொடாதீர்கள். ஆண்ட்ராய்டு ஆட்டோ அதிலேயே இருக்குமே, எதற்கு மாற்ற வேண்டும்?

ஜெயநகர் ஜெகன்:
தாராளமாக மாற்றலாம், அதற்கும் தனி டிகோடர் இருக்கிறது. 10 இஞ்ச் போடுங்கள், கடை நம்பர் உள்பெட்டியில் அனுப்புகிறேன்.

சில்க்போர்டு சித்தர்:
தம்பி, அவர் அனுப்பும் கடைக்குப் போனால் ரிவர்ஸ் வயரை எங்கிருந்து எடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

அத்திப்பள்ளி அருள்:
இன்று காலை அத்திப்பள்ளி செக்போஸ்டில் நிஜமாகவே நிறுத்தினார்கள் அண்ணாச்சி. பிரிவு 47 என்றேன். "எறங்கு சார் கீழே" என்றான்.